மைதானத்தில் தலையில் அடிபட்டால்: பள்ளிப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரும் முறை

பள்ளி விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கான முதலுதவி வகுப்புகளில் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் தலைக்காயத்துக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், மூளையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, நாலைந்து மருத்துவச் சொற்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, தேநீருடன் முடித்துவிடுகிறார்கள். இப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர், குறுவட்டக் கபடி இறுதிப் போட்டியில் தம் அணியின் சிறந்த ரைடர் தலையில் முட்டு வாங்கி எழுந்து நின்று, "ஒண்ணும் இல்லைங்க சார், ஆடிருவேன்" என்று சொல்லும்போது என்ன செய்வார் என்பதை வைத்துத்தான் அந்தப் பயிற்சியை மதிப்பிட வேண்டும்.

சேலம் மாவட்டத்திலும் சேர்வராயன் மலைப் பகுதியிலும் அத்தகைய பயிற்சியை நடத்த முன்வரும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும், மருத்துவர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. பயிற்றுநருக்கு உரிய வேலைகள் மூன்று: சந்தேகம் எழுந்த உடனே மாணவரை ஆட்டத்திலிருந்து வெளியே அழைப்பது, அன்று யார் கேட்டாலும் அவரை மீண்டும் இறக்காமல் இருப்பது, அவரைத் தனியே விடாமல் உரியவர் கையில் ஒப்படைப்பது. இவற்றைத் தெரியாமல் தவறவிடுபவர்களைவிடத் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் வாய் வராமல் தவறவிடுபவர்களே அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே பயிற்சி நேரத்தில் பாதிக்குமேல் ஒத்திகைக்கே செல்ல வேண்டும்.

யாரை அழைப்பது, எப்போது

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த பிறகு, குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் போதும். அரங்கத்தைத் தவிர்த்து மைதானத்திலேயே நடத்துவது நல்லது. சேலம் நகரப் பள்ளிகளுக்கு வெயில் ஏறுவதற்குள் முடிக்க ஏழரை மணிக்கே தொடங்கிவிடலாம். ஒரு குழுவில் பதினைந்து பேருக்குமேல் இருந்தால் ஒத்திகையில் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களை மட்டும் அழைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். சிலம்ப ஆசான், கராத்தே மாஸ்டர், மாலையில் வந்து கிரிக்கெட் சொல்லித்தரும் பழைய மாணவர், அணியுடன் துணைக்குச் செல்லும் வகுப்பாசிரியை, விடுதிக் காப்பாளர், பள்ளி வேன் ஓட்டுநர் ஆகியோரும் வர வேண்டும். அடிபட்ட மாணவருடன் அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் அதிக நேரம் இருக்கப்போகிறவர்கள் இவர்களே. உள்ளூர்ப் போட்டிகளுக்கு நடுவர்களாக வருபவர்களில் இருவரையாவது சேர்த்துக்கொண்டால், பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும்போது விசில் வேகமாக ஒலிக்கும்.

மூளையைப் பற்றி இருபது நிமிடம்

உடற்கூறு விளக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குமேல் தர வேண்டாம். பேருந்து திடீரென்று பிரேக் போடும்போது நின்றுகொண்டிருக்கும் பயணி முன்னால் தள்ளப்படுவது போல, தலை சட்டென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் இருக்கும் மூளை இழுபட்டுக் குலுங்குகிறது. அப்போது நரம்பணுக்களின் வேதிச் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய அவற்றுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. மூளை அதிர்வு என்று நாம் சொல்வது இதைத்தான். இதிலிருந்து பயிற்றுநர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு. தலையில் நேரடியாக அடிபடாமல், கபடியில் பின்னாலிருந்து இழுக்கப்பட்டு முதுகு தரையில் மோதினாலும் மூளை அதிரலாம். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்குமே தவிர உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. மூளை அதிர்வில் பாதிக்கப்படுவது மூளையின் செயல்பாடு என்பதால், ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும் சி.டி. ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரிவதில்லை.

மயக்கம் போட்டு விழுந்தால்தான் தலைக்காயம் என்ற எண்ணத்தை இந்த இருபது நிமிடத்துக்குள்ளேயே தகர்த்துவிட வேண்டும். விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் நினைவு தப்புவதே இல்லை. நினைவு தப்பியதா என்று மட்டும் பார்க்கும் பயிற்றுநர் அந்த ஒன்பதையும் ஆடவிட்டுவிடுவார்.

இரண்டாவது அடி ஏன் ஆபத்தானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதல் அதிர்விலிருந்து மூளை மீளாத நிலையில் மீண்டும் அடிபட்டால் குணமாகும் காலம் நீள்கிறது. மிக அரிதாக, ஆனால் வளரும் வயதினருக்கே பெரும்பாலும், மூளை வேகமாக வீங்கி உயிரே போயிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயது மாணவர் ஒருவர் தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டு, மூளையில் கடும் பாதிப்புக்கு உள்ளானார். அதன் விளைவாக அந்த மாநிலம் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்வு என்ற சந்தேகம் எழுந்தாலே 18 வயதுக்கு உட்பட்ட ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதிக்கும் வரை திரும்ப அழைக்கக் கூடாது என்கிறது அது. சில ஆண்டுகளில் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களும் இதைப் போன்ற சட்டங்களை இயற்றின. நம் பள்ளி இந்த இரண்டு வாக்கியங்களையும் தன் விதியாக எழுதித் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் ஒட்டிவைப்பதற்கு எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணில் படுவதும் காதில் விழுவதும்

பயிற்றுநர் தாமே பார்க்கக்கூடிய அடையாளங்களை முதலில் பழக்க வேண்டும். அடிபட்டவர் அசையாமல் கிடப்பது, மெதுவாக எழுவது, தலையைப் பிடித்துக்கொள்வது, கால் பின்னி நடப்பது, வெறித்த பார்வை பார்ப்பது, எதிரணிப் பக்கம் போய் நிற்பது, கேட்ட கேள்விக்குத் தாமதித்துப் பதில் சொல்வது, காரணமில்லாமல் அழுவது அல்லது எரிந்துவிழுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே வெளியே அழைத்துவிட வேண்டும். இரண்டாவது அடையாளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. பயிற்சியில் ஒரு மாணவரை இவற்றில் ஒன்றை மட்டும் நடிக்கச் சொல்லி, மற்ற பதினொரு பேருடன் ஓடவிட்டு, ஓரத்தில் நிற்கும் பயிற்றுநர்கள் யார் அந்த மாணவர் என்று கண்டுபிடிக்கும்படி விடலாம். பந்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதாக அமைவதில்லை.

மாணவர்கள் சொல்லும் சொற்கள் மருத்துவ நூல்களில் இருப்பவை அல்ல. "பொறி கலங்கிருச்சு", "கண்ணுல பூச்சி பறக்குது", "காதுல ஙொய்ங்னு கேக்குது", "தலை பாரமா இருக்கு", "கிறுகிறுங்குது", "வாந்தி வர்ற மாதிரி இருக்கு", "வெளிச்சம் கண்ணு கூசுது", "எதுவோ மாதிரி இருக்கு சார்" என்பவைதான் நம் பிள்ளைகளின் வாயில் வரும். இவற்றில் கடைசியாக உள்ளது மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது. தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் இருப்பதே மூளை அதிர்வின் அடையாளமாக இருக்கலாம். பயிற்சியில் இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, வந்திருப்பவர்கள் தம் ஊரில் கேட்டவற்றையும் சேர்க்கச் செய்வது நல்லது. மலைக் கிராமப் பிள்ளைகள் சொல்வதும் எடப்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

நினைவைச் சோதிக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர் மேடாக்ஸின் பெயரால் அறியப்படும் ஐந்து கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. இப்போது நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், இதற்கு முந்தைய ஆட்டத்தில் யாருடன் மோதினோம், அதில் ஜெயித்தோமா என்று கேட்க வேண்டும். பெயரையும் வகுப்பையும் கேட்பதில் பயனில்லை. மூளை அதிர்ந்தவரும் அவற்றைச் சரியாகச் சொல்லிவிடுவார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் இப்போது எங்கே இருக்கிறோம், சாப்பாட்டு நேரம் முடிந்ததா, கடைசியாக நடந்தது எந்தப் பாடவேளை, டீச்சர் பெயர் என்ன என்ற அளவில் கேட்கலாம். ஒரு பதில் தவறினாலும் மாணவர் வெளியே போக வேண்டும். ஆனால் எல்லாப் பதில்களும் சரியாக இருப்பது ஆட அனுமதி ஆகாது. இந்த வேறுபாட்டைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் ஐந்துக்கு ஐந்து வாங்கிய மாணவரைத் தேர்ச்சி பெற்றவராகக் கருதுவது ஆசிரியர்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

சேலத்து வெயிலும் காலை உணவு இல்லாமல் போட்டிக்கு வரும் வழக்கமும் இங்கே குழப்பத்தை உண்டாக்கும். தலைவலியும் கிறுகிறுப்பும் நீரிழப்பினாலும் வரும், பசியாலும் வரும். மாணவருக்கு அடிபட்டதை யாராவது பார்த்திருந்தால் வெயில் மீது பழி போடாமல் தலைக்காயமாகவே நடத்த வேண்டும். நிழலில் உட்காரவைத்து ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்ததும் தெளிந்துவிட்டார் என்பது அவரை மீண்டும் இறக்குவதற்குக் காரணமாகாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

கழுத்து வலி, வலிப்பு, நினைவு தப்புதல், பார்வை இரட்டையாகத் தெரிதல் அல்லது மங்குதல், கைகாலில் பலவீனமோ மரத்துப்போதலோ, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கூடிக்கொண்டே போகும் குழப்பமோ தூக்கக் கலக்கமோ, அடக்க முடியாத பரபரப்பு, மண்டையில் பள்ளம் அல்லது உருக்குலைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீரோ ரத்தமோ வடிந்தாலும் அப்படியே. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலான தலைக்காயங்கள் வந்து சேர்கின்றன. ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக மைதானத்துக்குள் வரும், அந்த வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பயிற்சியன்றே நடந்து பார்த்துவிட வேண்டும்.

காதுக்குமேல் பொட்டுப் பகுதியில் படும் அடியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. அது அந்த இடத்தில் பட்டு எலும்பு விரிசல் விட்டால் குழாய் கிழிந்து ரத்தம் கசியத் தொடங்கும். இத்தகைய மாணவர் முதலில் எழுந்து உட்கார்ந்து, நன்றாகப் பேசி, பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கக் கலக்கமாகி நினைவிழக்கலாம். அடிபட்டவரை முதல் மூன்று மணி நேரமாவது தனியே விடக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இதுதான். சிலம்பக் கம்பு, ஹாக்கி மட்டை அடிகளுக்கும் இது பொருந்தும்.

கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மாணவரை அசைக்கக் கூடாது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தலையை அப்படியே நிலையாகப் பிடித்துக்கொள்ள, வாந்தி வந்தால் மட்டும் மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, தலைமாட்டில் இருப்பவர் சொல்லும் எண்ணிக்கைக்கு, உடல் முழுவதையும் ஒன்றாகப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். இதை ஒவ்வொருவரும் நான்கு இடங்களிலும் நின்று பழக வேண்டும். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

செய்யக் கூடாதவற்றை மரியாதையோடு ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. பக்கத்தில் உள்ள கல்லையும் கம்பியையும் அகற்றிவிட்டு அது ஓயும்வரை காத்திருந்து பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். கன்னத்தில் தட்டி எழுப்புவதும், கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவதும் கூடாது. மண்டை உடைந்து ரத்தம் வந்தால் காப்பித்தூள் வைத்து அழுத்தும் பழக்கம் காப்பி விளையும் ஏற்காட்டில் மட்டுமல்ல, சமவெளியிலும் இருக்கிறது. சுத்தமான துணியை வைத்து அழுத்துவதே போதும், எலும்பு உள்ளே போயிருப்பதாகத் தெரிந்தால் அந்த அழுத்தமும் வேண்டாம். இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டிச்செல்வது நம் ஊரில் நல்லெண்ணத்தோடு அதிகமாகச் செய்யப்படும் தவறு. மருத்துவர் பார்க்கும் முன் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தரக் கூடாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

ஒத்திகை

ஒத்திகையில் பயிற்றுநரின் வாயிலிருந்து வாக்கியங்கள் வர வேண்டும். காட்சி முடிந்ததும் "வெளியே அழைத்திருப்பேன் சார்" என்று சொல்பவரை விட்டுவிடாமல், எந்தச் சொற்களில் அழைத்தீர்கள் என்று கேட்டு, அதே காட்சியை மறுபடி நடத்த வேண்டும்.

முதல் காட்சி மேலே சொன்ன கபடி இறுதிப் போட்டி. ரைடராக நடிப்பவர் கெஞ்சுவார். அணியினர் சேர்ந்து கெஞ்சுவார்கள். இன்னும் மூன்று நிமிட ஆட்டம் இருக்கிறது, இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம் என்பார்கள். நடுவரும் அவசரப்படுத்துவார். பயிற்றுநர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இன்னைக்கு நீ இதோட நிறுத்திக்கிற. முடிவு என்னுது, நீ தோத்ததா யாரும் சொல்ல மாட்டாங்க. வா, என் பக்கத்துல உக்காரு." ஆட முடியுமா என்ற கேள்வியை மாணவரிடமே கேட்பதுதான் பயிற்றுநர்கள் பொதுவாகச் செய்யும் பிழை, ஆட முடியாது என்று சொல்லும் ரைடர் அணிக்கே வந்திருக்க மாட்டார். கபடியில் ஏழு பேர் களத்தில் இருக்க, மாற்று ஆட்டக்காரர்களும் அணியில் உண்டு என்பதால் ஆள் இல்லை என்ற காரணமும் நிற்காது. அந்த மாற்று ஆட்டக்காரருக்கு வழக்கமான பயிற்சியில் போதிய ஆட்டம் கொடுத்திருந்தால், இறுதிப் போட்டியில் பயிற்றுநரின் கை தயங்காது.

இரண்டாவது காட்சியில் தந்தை வருகிறார். மாநிலப் போட்டிவரை போனால் கிடைக்கும் சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சான்றிதழுக்காக ஒரு குடும்பம் எதையும் தாங்கத் தயாராக இருக்கும் என்பதைப் பயிற்றுநர் ஏளனமாக நினைக்கக் கூடாது. "உங்க கவலை புரியுதுங்க. இன்னைக்கு யார் சொன்னாலும் இறக்க முடியாதுங்க. டாக்டர் பாத்துட்டு எழுதிக் குடுத்த பிறகு, அவனை மறுபடி தயார் பண்றது என் பொறுப்பு" என்று நின்றபடியே, குரலை உயர்த்தாமல் சொல்லிப் பழக வேண்டும். உடன் இருக்கும் ஆசிரியர்கள் அப்போது பயிற்றுநரை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலைமையாசிரியரைத் தொலைபேசியில் பிடித்துச் சலுகை வாங்கும் காட்சியையும் ஒருமுறை நடித்துப் பார்ப்பது, குறிப்பாகத் தலைமையாசிரியர் பயிற்சிக்கு வந்திருந்தால், மிகவும் பயனுள்ளது.

கிரிக்கெட் பயிற்றுநர்களுக்கு ஓர் உண்மை ஆட்டத்தையே காட்சியாகக் கொடுக்கலாம். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காகத் தம் முதல் இருபது ஓவர் ஆட்டத்தை ஆடியது 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் என்பது சேலத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே ஆட்டத்தின் கடைசி ஓவரில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடி இன்னிங்ஸை முடித்துவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போன பிறகே கிறுகிறுப்பாக இருப்பதாகச் சொன்னார். அவருக்குப் பதிலாக இறங்கிய யுஸ்வேந்திர சஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். தலைக்காயத்துக்கு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் விதியைப் பன்னாட்டு கிரிக்கெட் மன்றம் கொண்டுவந்தது 2019 ஆகஸ்டில்தான். அடிபட்ட உடனே எதுவும் தெரியாமல் சற்று நேரம் கழித்து அறிகுறி தோன்றலாம் என்பதையும், நல்ல அணி அதற்காக ஆளை மாற்றத் தயங்குவதில்லை என்பதையும் இந்த ஒரு நிகழ்வை வைத்தே விளக்கிவிடலாம். உள்ளூர்ப் போட்டிகளில் இப்படி மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்க வேண்டும் என்று, போட்டிக்கு முன் நடக்கும் அணி மேலாளர் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பயிற்றுநரின் கடமை. ஆட்டத்தின் நடுவில் கேட்டால் எதிரணி ஒப்புக்கொள்ளாது.

மற்றொரு காட்சி மறுநாள் காலையில் நடக்கிறது. முந்தைய நாள் அடிபட்டதை யாரிடமும் சொல்லாத மாணவி, பிரேயரில் தலைவலிக்கிறது என்று வகுப்பாசிரியையிடம் சொல்கிறாள். அறிகுறிகள் 48 மணி நேரம் வரைகூடத் தாமதித்து வரலாம் என்பதால் வகுப்பாசிரியையும் இதைக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் தலைவலியை வேறு காரணத்தோடு முடிச்சுப் போட்டு ஓய்வறைக்கு அனுப்பிவிடுகிற பழக்கத்தை இந்தக் காட்சியில் பேசித்தான் ஆக வேண்டும்.

மலைப் பள்ளிகளுக்கு

ஏற்காட்டுப் பள்ளிகளின் நிலை வேறு. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டுமே இருபது. முப்பது கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகலாம், மூடுபனியிலும் விடுமுறைக் கூட்டத்திலும் இன்னும் கூடும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்துவிட்டுக் கீழே அனுப்பும் முடிவை எடுக்கும்போதே பொழுது கழிந்துவிடுகிறது. ஆகவே சமவெளியில் "கொஞ்சம் பார்க்கலாம்" என்று காத்திருக்கும் அளவு இங்கே காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளில் ஒன்றின் நிழல் தெரிந்தாலும் உடனே 108ஐ அழைத்து இறக்கிவிட வேண்டும். மைதானத்தில் எந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மலைச்சாலையில் ஒரு குறிப்பிட்ட ஏமாற்றம் உண்டு. சேலத்தில் ஆடிவிட்டு மாலையில் வேனில் ஏறும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுப்பார்கள். அவர்களுக்கு நடுவில் தலையில் அடிபட்டவரும் வாந்தி எடுத்தால் யாரும் கவனிப்பதில்லை, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டு ஓட்டிச்செல்வார்கள். பின்சீட்டில் அவர் தூங்கிவிட்டால் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். அன்று தலையில் அடிபட்ட மாணவரை மருத்துவர் பார்க்காமல் மலை ஏற்றக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது. பார்த்து அனுப்பிய பிறகு ஏறினாலும், அவர் முன்சீட்டில், ஓர் ஆசிரியரின் பக்கத்தில், வளைவுக்கு வளைவு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே வர வேண்டும். வாந்தி எடுத்தாலோ பேச்சு குழறினாலோ வண்டியைத் திருப்பும் அதிகாரம் ஓட்டுநருக்கும் உண்டு என்று பள்ளி எழுத்தில் தர வேண்டும்.

மலையில் நூறாண்டு கண்ட உறைவிடப் பள்ளிகளும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. அங்கே இரவில் பக்கத்தில் படுக்கத் தாய் இல்லை. நாற்பது பேர் தூங்கும் அறையில் ஒருவரின் மூச்சை யார் கவனிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அன்றிரவு காப்பாளர் அறைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு, மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பார்த்து நேரத்தோடு குறித்துவைக்க வேண்டும். தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்ற பழைய நம்பிக்கை தேவையில்லை. மருத்துவர் பார்த்த பிறகு தூக்கம் நல்லதே. எழுப்பினால் வழக்கம்போல் விழிக்காவிட்டால் அந்த நேரத்திலேயே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

சீட்டும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும்

மாணவரைப் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ வாய்வார்த்தையாக ஒப்படைக்கக் கூடாது. அடிபட்ட நேரம், எப்படிப் பட்டது, உடனே என்ன தெரிந்தது, ஐந்து கேள்விகளுக்கு என்ன பதில் வந்தது, யாரை எத்தனை மணிக்கு அழைத்தோம் என்பன முன்பக்கத்திலும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் பெரிய எழுத்தில் பின்பக்கத்திலும் இருக்கும் அரைப் பக்கச் சீட்டு போதும். பெற்றோருக்கு எழுத்துப் பழக்கம் குறைவு என்றால், அண்ணனையோ அக்காவையோ பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்கலாம்.

மருத்துவமனையில் பயிற்றுநர்கள் வழக்கமாகக் கேட்பது "ஒண்ணும் பயமில்லையே டாக்டர்?" என்பது. சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வெளிநோயாளர் சீட்டில் எழுதிவந்தால் அதையே ஆட்ட அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தக்கசிவு இல்லை என்பதுதான் அதன் பொருள். மூளை அதிரவில்லை என்று அது சொல்வதில்லை. "இவர் கபடி ஆடுபவர், தலையில் மறுபடி அடிபட வாய்ப்புண்டு, எப்போது வகுப்புக்கு அனுப்பலாம், எப்போது தனிப் பயிற்சிக்கு, எப்போது ஆட்டத்துக்கு?" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கப் பயிற்சியிலேயே பழக்கிவிட வேண்டும்.

திரும்ப ஆட வருதல்

2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த படிமுறையைப் பள்ளிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. இருட்டறையில் முடங்கிக் கிடக்கத் தேவையில்லை, நடமாடலாம், ஆனால் செல்போனையும் தொலைக்காட்சியையும் குறைக்க வேண்டும். பிறகு மெல்லிய நடையும் சைக்கிளும், அதன்பின் வேக நடையும் மெல்லோட்டமும், அடுத்துத் தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி. இந்த மூன்றாவது படிவரை இலேசான அறிகுறி சிறிது நேரம் எட்டிப்பார்த்தாலும் பரவாயில்லை. அதிகமானால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். நான்காவது படியான மோதல் இல்லாத குழுப் பயிற்சிக்கும், ஐந்தாவதான முழு மோதல் பயிற்சிக்கும், ஆறாவதான ஆட்டத்துக்கும் போவதற்கு முன்பு அறிகுறிகள் முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும், மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி தேவை. பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வாரத்துக்குள் மீண்டுவிடுகிறார்கள்; மீளாதவர்களை மறுபடி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பிரிட்டன் 2023இல் வெளியிட்ட அடித்தட்டு விளையாட்டுக்கான வழிகாட்டுதல், அடிபட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் போட்டியில் இறங்கக் கூடாது என்கிறது. விளையாட்டு மருத்துவரை எளிதில் அணுக முடியாத நம் பள்ளிகளுக்கு இந்த 21 நாள் கணக்கே பாதுகாப்பானது என்று நான் கருதுகிறேன். நாட்காட்டியோடு யாரும் பேரம் பேச முடியாது.

படிப்பு முதலில், ஆட்டம் பிறகு என்பது இங்கே அறிவுரையாக இல்லாமல் வரிசையாகவே அமைகிறது. முழு நேர வகுப்பைத் தலைவலியின்றித் தாங்க முடியாத மாணவரை முழுப் பயிற்சிக்கு அழைக்கக் கூடாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவராக இருந்தால், காலைச் சிறப்பு வகுப்பிலிருந்தும் மாலை டியூஷனிலிருந்தும் ஒரு வாரம் விலக்கு வாங்கித்தர வேண்டியதும், வெள்ளிக்கிழமைத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டியதும் பயிற்றுநரின் பொறுப்பாகிவிடுகிறது. பாட ஆசிரியர்கள் இதைச் சாக்கு என்று நினைப்பார்கள். அதனால் அவர்களில் ஒருவரையாவது பயிற்சிக்கு அழைப்பது நல்லது.

ஒவ்வொரு பள்ளியும் ஒரு நோட்டில் தலைக்காயங்களை மட்டும் தனியாகப் பதிந்துவைக்க வேண்டும். அதே மாணவருக்கு அதே ஆண்டில் இரண்டாவது முறை அடிபட்டால் அந்த நோட்டு இல்லாமல் யாருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் ஆசிரியர்கள் மாறிச் செல்கிறார்கள். பயிற்சியை ஆண்டுதோறும் ஜூனில் மறுபடி நடத்தும்போது அந்த நோட்டில் உள்ள நிகழ்வுகளைப் பெயர் நீக்கிவிட்டு ஒத்திகைக் காட்சிகளாகப் பயன்படுத்தலாம். சீட்டில் அச்சிட்டுள்ள தொலைபேசி எண்களையும் அன்றே சரிபார்க்க வேண்டும். காப்பாளரும் வேன் ஓட்டுநரும் அதற்குள் மாறியிருப்பார்கள்.